கன்ட்ரி கிறிஸ்துமஸ் பாட்டில் வரும் "சின்ன வயசு கேரல்": உண்மையா, வாழ்த்து அட்டையா?

கம்பிவாத்தியம்

ஒவ்வொரு டிசம்பரும் அமெரிக்கக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லிலிருந்து இந்த வகைப் பாட்டு ஒன்றாவது வந்துவிடுகிறது. பாடுகிறவருக்கு நாற்பது, ஐம்பது வயது இருக்கும். சின்ன வயதில் பனியில் வீடு வீடாகப் போய்ப் பாடியதை நினைத்துப் பார்க்கிறார். முதல் சரணத்தில் அம்மா பின்னிக் கொடுத்த கையுறை. இரண்டாவதில் கதவைத் திறக்கும் பாட்டி. மூன்றாவதில் அந்த வீடு பூட்டிக் கிடக்கும், அப்பாவும் இருக்க மாட்டார். அப்புறம் அரைச் சுருதி ஏற்றிக் கடைசிப் பல்லவி. ஸ்டீல் கிட்டார் அழும், கேட்கிற நாமும் அழுவோம்.

எனக்கு இந்த வகை பிடிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் நிறையக் கேட்ட பிறகு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. இந்தப் பாட்டுகளில் யாரும் காசைப் பற்றிப் பேசுவதே இல்லை. கன்ட்ரி இசையின் நல்ல கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாமே காசில்லாத வீட்டிலிருந்து வந்தது என்பது என் கட்சி. கன்ட்ரிப் பாடகர் மெர்ல் ஹாகர்ட் 1973-ல் பாடிய டிசம்பர் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை வேலை போன அப்பா, பரிசு வாங்கக் கையில் ஒன்றும் இல்லை, எப்படியாவது இந்த மாதத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்கிறார். அது அந்த டிசம்பரில் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஹாகர்ட் வளர்ந்ததே கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கத்தில், பழைய ரயில் சரக்குப் பெட்டியை மாற்றிக் கட்டிய வீட்டில். அப்பா இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அந்தக் குரலுக்குக் கையுறையும் மணியோசையும் தேவைப்படவில்லை.

காசு வராத கேரல் பாட்டு வெறும் வாழ்த்து அட்டை. ஒத்துக்கொள்ளாதவர்கள் வரலாம்.

பாளைக்காரன்

வந்துட்டேன் அண்ணாச்சி.

வாழ்த்து அட்டை என்று சொல்லி நேரே பாடகர் ஜிம் ரீவ்ஸ் மேல் கை வைத்துவிட்டீர்கள். 1963-ல் வந்த அவருடைய பன்னிரண்டு பாட்டு கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் பழைய கிறிஸ்துமஸ் அட்டையைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது. அதில் காசு இல்லை, பசி இல்லை, வேலை போன அப்பாவும் இல்லை. ஒரு மனுஷன் பழைய அட்டையைப் பார்க்கிறார், அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் அந்தக் கேசட் ஓடாத வீட்டில் கிறிஸ்துமஸ் வரவில்லை என்றுதான் அர்த்தம்.

அவர் 1964 ஜூலை 31-ம் தேதி தானே ஓட்டிய சின்ன விமானம் நாஷ்வில் பக்கத்தில் புயல் மழையில் சிக்கி இறந்துபோனார். அந்த ஆல்பம் வந்த பிறகு ஒரு கிறிஸ்துமஸைத்தான் பார்த்தார். இது தெரிந்த பிறகு அட்டைப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

கம்பிவாத்தியம்

ஜிம் ரீவ்ஸை விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாம். அந்தக் குரலில் சலவைக் கணக்கை வாசித்தாலும் நான் கேட்பேன்.

சுருதிபேதம்

அவர் விதிவிலக்கா? கன்ட்ரியா என்பதே கேள்வி. நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் ஃபிடிலும் இல்லை, ஸ்டீல் கிட்டாரும் இல்லை. வயலின் கூட்டம், பின்னால் மெல்லிய கோரஸ், மைக்குக்கு வாயை ஒட்டி வைத்துப் பாடும் தாழ்ந்த குரல். செட் அட்கின்ஸ் மாதிரித் தயாரிப்பாளர்கள் ராக் அண்ட் ரோலிடம் இழந்த சந்தையைப் பிடிக்க உருவாக்கிய "நாஷ்வில் சவுண்ட்" அது. நகரத்து வரவேற்பறைக்கு வர கன்ட்ரி போட்டுக்கொண்ட கோட்டு. நம் ஊர் வீடுகளுக்குள் அது சுலபமாக வந்ததற்கும் அதுதான் காரணம் என்பேன். ஒரு சொல் விடாமல் புரியும்படி, நிதானமாகப் பாடினார். இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்தவர்களும் கூடவே பாட முடிந்தது.

இன்னொன்று. "கன்ட்ரி கிறிஸ்துமஸ்" என்ற சமாச்சாரமே பாதி ஹாலிவுட்டில் செய்தது. கௌபாய் பாடகர் ஜீன் ஆட்ரி 1946-ல் ஹாலிவுட் கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் குதிரை மேல் போகிறார். பின்னால் வரும் சாண்டா கிளாஸைப் பார்த்துக் குழந்தைகள் கூச்சல் போடுகிறார்கள். அது காதில் விழுந்து அடுத்த வருஷமே பாட்டாகிவிட்டது. 1949-ல் அவர் பாடிய சிவப்பு மூக்கு மான் பாட்டின் கதை, அதற்குப் பத்து வருஷம் முன்னால் ஒரு பெரிய கடை தன் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சிறு புத்தகத்திலிருந்து வந்தது. அதைப் பாட்டாக்கிய ஜானி மார்க்ஸ் நியூயார்க் யூதர். பிரெண்டா லீ 1958-ல் பதின்மூன்று வயதில் நாஷ்வில்லில் பாடிய கிறிஸ்துமஸ் மரப் பாட்டும் மார்க்ஸ் எழுதியதுதான். அது பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது 2023-ல், 65 வருஷம் கழித்து.

ஆகவே கையுறை, பாட்டி, பனி எல்லாம் கடைச் சரக்கு. தெற்கு மாநிலங்களில் பாதி இடத்தில் கிறிஸ்துமஸுக்குப் பனியே விழாது.

ஸ்மோக்கிமலை

அமெரிக்காவில் கிழக்கு டென்னசியில் பல வருஷமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனி விஷயத்தில் சுருதிபேதம் சொல்வது சமவெளிக்குப் பொருந்தும், மேலே மலையில் விழும். ஆனால் அவர் விட்ட பெரிய விஷயம் ஒன்று உண்டு. இந்த மலைப்பக்கத்தில் பழைய காலத்தில் கிறிஸ்துமஸ் ராத்திரி வீடு வீடாகப் போனவர்கள் முக்கால்வாசிப் பேர் பாடப் போகவில்லை, சத்தம் போடப் போனார்கள். அதற்கு "செரனேடிங்" என்று பேர். இளவட்டங்கள் இருட்டில் ஓசைப்படாமல் ஒரு வீட்டைச் சுற்றி வளைத்துக்கொள்வார்கள். திடீரென்று மாட்டு மணி, தகரச் சட்டி, துப்பாக்கி எல்லாம் ஒரே நேரத்தில். வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டுத் தின்னவும் குடிக்கவும் ஏதாவது கொடுக்க வேண்டும். நம் ஊரில் தீபாவளிக்கு வெடிக்கிற மாதிரி இங்கே தெற்கத்திக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குத்தான் வெடி வெடித்தார்கள்.

கையில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு வரிசையாக நின்று பாடும் கேரல், நகரத்தார் ஏற்பாடாகப் பரவியது. பாஸ்டனில் பீக்கன் ஹில் பகுதியில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பெரிதானது. செயின்ட் லூயிஸில் 1911-ல் இதற்கென்றே சங்கம் வைத்து, வீடு வீடாகப் பாடி ஏழைக் குழந்தைகளுக்குப் பணம் திரட்டினார்கள். பள்ளிக்கூடமும் சபையும் அதை எடுத்துக்கொண்டு நாட்டுப்புறத்துக்குக் கொண்டுபோயின. இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கும் பாடகர் சின்ன வயதில் கேரல் போனேன் என்று பாடினால் அது பொய் இல்லை. அவருடைய தாத்தா துப்பாக்கியோடு போனார் என்பதும் பொய் இல்லை. பாட்டில் தாத்தாவை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

மலையில் வேறொரு வழக்கமும் இருந்தது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-ல் நாள்காட்டியை மாற்றி 11 நாளை வெட்டினார்கள். மலைக்குடும்பங்கள் பல அதற்கு அப்புறமும் தலைமுறை தலைமுறையாக ஜனவரி 6-ஐ "பழைய கிறிஸ்துமஸ்" என்று வைத்திருந்தன. அந்த நடுராத்திரியில் மாடுகள் முழங்காலிடும், பேசும் என்று நம்பிக்கை. வட கரோலினாவின் சரி கவுன்டி, அதை ஒட்டிய வர்ஜீனியா கேலக்ஸ் பக்கம் அந்த இடைப்பட்ட நாட்களில் ராத்திரிக்கு ஒரு வீடு என்று முறை வைத்து ஆட்டம் நடக்கும். கட்டிலைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, அந்த அறையில் ஃபிடிலும் பான்ஜோவும் வைத்து விடிய விடிய ஆடுவார்கள். அதற்கென்றே "பிரேக்கிங் அப் கிறிஸ்துமஸ்" என்று ஒரு மெட்டு உண்டு. அந்தப் பக்கத்து ரவுண்ட் பீக்கைச் சேர்ந்த ஃபிடில்காரர் டாமி ஜாரெல் வாசித்ததைத் தேடிக் கேளுங்கள். 1901-ல் பிறந்தவர், நேரில் அந்த ஆட்டத்தில் இருந்தவர். வாசிப்பில் ஏக்கம் துளிகூட இருக்காது, கால்தான் ஆடும்.

நத்தார்பொடியன்

ஸ்மோக்கிமலை அண்ணை, கட்டில் கழற்றின கதை அருமை.

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. எங்கட பக்கமும் ஜிம் ரீவ்ஸ்தான் நத்தார் (கிறிஸ்துமஸ்). சிலோன் வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறை அப்பா ஆட்கள். இலங்கையில் அந்த மனுஷனுக்கு இருந்த மதிப்பை அமெரிக்கக்காரருக்குச் சொன்னால் நம்பமாட்டினம். நான் வேலை செய்யிற இடத்தில் டெக்சாஸ்காரர் ஒருவர் இருக்கிறார். ஜிம் ரீவ்ஸும் டெக்சாஸில் பிறந்தவர்தான், ஆனால் இந்த ஆளுக்கு அவரைப் பேரளவிலதான் தெரியும். நான் முழு ஆல்பத்தையும் வரிசை பிசகாமல் பாடிக் காட்டினேன்.

கரோல் போன ஞாபகம் எனக்கு வேற மாதிரி. ஒளிவிழா முடிஞ்சு பொடியள் கூட்டமாகப் போவோம். சண்டைக் காலத்தில் ஊரடங்கு, மின்சாரம் இல்லை, அதால நாலு மணிக்கே தொடங்கி இருட்டுக்கு முதல் வீட்டுக்கு வந்திட வேணும். கம்பிவாத்தியம் காசு இல்லாத பாட்டைக் கேட்கிறார். நான் கேட்கிறது பயம் இருக்கிற பாட்டு. அப்படி ஒன்று கன்ட்ரியில் இருக்கோ?

கம்பிவாத்தியம்

போருக்குப் போனவன் வீட்டுக்கு எழுதும் கிறிஸ்துமஸ் கடிதம் மாதிரி நிறைய உண்டு. ஊரே பயந்து சீக்கிரம் பாடி முடித்துவிட்டு ஓடும் கேரல் பாட்டு என் காதில் விழுந்ததில்லை. நீங்கள் எழுதினால் நான் மெட்டுப் போடுகிறேன், நிஜமாகவே.

கொயர்ஆல்டோ

ஆண்கள் எல்லாரும் கேரல் போன பெருமையைப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம், நாகர்கோவில் பக்கத்துக் கிராமம், ராத்திரி ரவுண்ட்ஸுக்குப் பெண்பிள்ளைகளை ரொம்ப நாள் விடவே இல்லை. கொயரில் நாங்கள் ஆல்டோவும் சோப்ரானோவும் மாசக்கணக்கில் பழகுவோம். கேரல் சர்வீஸில் பாடுவோம். அன்று ராத்திரி வேனில் ஏறுவது ஆண் குரல்களான டெனரும் பேஸும். நான்கு குரலில் எழுதிய பாட்டை இரண்டு குரலில் கொண்டுபோய் வாசலில் கத்திவிட்டு முந்திரிக்கொத்தும் முறுக்கும் தின்றுவிட்டு வருவார்கள். காலையில் தொண்டை கட்டிப் போய் ஆராதனையில் வாய் மட்டும் அசையும். விடியற்காலை பஜனைக்கு மட்டும் அம்மாவோடு போகலாம். எனக்கு நினைவில் நிற்கிற கேரல் அதுதான். ஆர்மோனியம், டோலக், சிஞ்சா, பாட்டு எல்லாம் கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வருகிற மரபு அது. அவர் 1864-ல் இறந்தவர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கன்ட்ரி பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. ஆனால் ஸ்மோக்கிமலை ஒன்றை விட்டுவிட்டார். அமெரிக்கத் தெற்கில் "ஷேப் நோட்" பாடல் முறை இருக்கிறதே, முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று ஸ்வரத்துக்கு ஒரு வடிவம். 1844-ல் ஜார்ஜியாக்காரர்கள் தொகுத்த "சேக்ரட் ஹார்ப்" புத்தகத்தைப் பார்த்து இன்றும் பாடுகிறார்கள். நாலு குரலும் சதுரமாக எதிரெதிரே உட்கார்ந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல், முதலில் ஃபா, சோல், லா என்று ஸ்வரத்தைப் பாடிவிட்டு அப்புறம்தான் வார்த்தைக்கு வருவார்கள். யூடியூபில் முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் கொயர் மாஸ்டர் செய்ததும் அதேதான். எங்களுக்கு மிஷனரிகள் கொடுத்துவிட்டுப் போனது டானிக் சோல்பா, எழுத்தில் இருக்கும். அவர்களுக்கு வடிவத்தில். கோடு போட்ட ஐரோப்பிய இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத விவசாயிகளை நான்கு குரலில் பாடவைக்க இரண்டு இடத்திலும் இப்படி ஒரு குறுக்குவழி தேவைப்பட்டிருக்கிறது.

இந்தக் கன்ட்ரி கேரல் பாட்டுகளின் பல்லவியில் பின்னால் மூன்று குரல் சேருகிறதே, அது எங்கிருந்து வந்தது என்று தேடினால் பாதி இந்தப் பாட்டுப் பள்ளிகளுக்குத்தான் போய் நிற்கும். கடைச் சரக்கு என்று சுருதிபேதம் ஒரேயடியாகச் சொல்ல முடியாது.

சுருதிபேதம்

குரல் சேர்க்கை பற்றி அக்கா சொல்வது சரி. நான் வரிகளைத்தான் சொன்னேன். மெட்டும் சேர்க்கையும் கிராமத்திலிருந்து வரும், வரிகளை நகரத்தில் மேஜை போட்டு எழுதுவார்கள்.

ஸ்மோக்கிமலை

மேஜை போட்டு எழுதாத வரிக்கு ஓர் உதாரணம், கம்பிவாத்தியத்தின் காசுக் கட்சிக்கும் உதவும்.

"ஐ வொண்டர் ஆஸ் ஐ வாண்டர்" கேட்டிருப்பீர்கள், இன்று உலகம் முழுக்கக் கேரல் ஆராதனைகளில் பாடுகிறார்கள். 1933 ஜூலையில் ஜான் ஜேக்கப் நைல்ஸ் என்ற பாடல் சேகரிப்பாளர் வட கரோலினாவின் மர்ஃபி ஊருக்குப் போகிறார். ஊரை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவாகியிருந்த ஒரு பிரசங்கிக் குடும்பம் அங்கே கூட்டம் நடத்திக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் அழுக்குத் துணியோடு மேடையில் ஏறி ஒரு துண்டுப் பாட்டுப் பாடினாள். நைல்ஸ் ஒவ்வொரு தடவைக்கும் 25 சென்ட் கொடுத்துத் திரும்பத் திரும்பப் பாடவைத்தார். மொத்தமாகக் கிடைத்தது மூன்று வரியும் கொஞ்சம் மெட்டும். மீதியை அவரே எழுதிச் சேர்த்தார். அது பெருமந்தக் காலம். 25 சென்ட்டுக்காகப் பாடப்பட்ட கேரல் அது.

கம்பிவாத்தியம்

இதைத்தான் சொன்னேன்! நன்றி.

பாளைக்காரன்

அவசரப்படாதீர்கள். அந்தப் பாட்டுக்குள்ளே காசு வருகிறதா? வரவில்லை. கதை தெரிந்தவனுக்குத்தான் காசு தெரியும். அப்படியானால் உங்கள் வாழ்த்து அட்டைப் பாட்டுக்குப் பின்னாலும் ஏதாவது வீடு இருக்கலாமே. எழுதினவன் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ரவுண்ட்ஸில் காசு நிறையவே இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கவர். கவரை வாங்கும் பொறுப்பு ஒருவருக்கு, நோட்டில் எழுதும் பொறுப்பு இன்னொருவருக்கு. பெரிய வீடென்றால் மூன்று பாட்டு, கிறிஸ்துமஸ் தாத்தா ஆடுவார். ஓலைக் கூரை வீடென்றால் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், நடையைக் கட்டு. எங்கள் சங்கத் தலைவர் இதை வெளிப்படையாகவே செய்வார், அந்த வயதில் எனக்கு அது தவறாகவும் படவில்லை. ஒரு தடவை அப்படி ஒரு வீட்டில் ஜெபம் முடிந்து கிளம்பும்போது அந்தம்மா எல்லாருக்கும் கறுப்புக் காபி போட்டு வைத்திருந்தார். இருபத்தைந்து பேருக்கு டம்ளர் இல்லை, பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்தார். தலைவர் நேரமாகிவிட்டது என்று வேனில் ஏறிவிட்டார். நாங்கள் நாலைந்து பேர் நின்று குடித்தோம். மீதிக் காபியை அந்தம்மா என்ன செய்தார் என்று தெரியாது. இதை யாரும் கேரல் பாட்டில் எழுத மாட்டார்கள், கன்ட்ரியிலும் சரி, நம் கீதத்திலும் சரி.

கொயர்ஆல்டோ

எழுதலாம் பாளை. எழுதவேண்டும்.

ஸ்மோக்கிமலை

எழுதுவார்கள் என்றே நினைக்கிறேன். கொடுக்கிறவன் வருவதை வாசலில் நின்று பார்ப்பது இந்த மலையில் பழக்கமான காட்சி. 1943 முதல் கென்டக்கியின் பைக்வில் பக்கத்திலிருந்து டென்னசியின் கிங்ஸ்போர்ட் வரை "சாண்டா ரயில்" ஓடுகிறது. ஏறக்குறைய 110 மைல், நிலக்கரி ஊர்கள் வழியாக, தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை. கடைசிப் பெட்டியிலிருந்து மிட்டாயும் பொம்மையும் வீசுவார்கள், தண்டவாளத்து ஓரத்தில் குழந்தைகள் நிற்பார்கள். அதைப் பார்த்து நெகிழ்கிறவர்களும் உண்டு, வீசிக் கொடுப்பதா என்று முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. நான் பார்த்த குழந்தைகளுக்கு இரண்டும் கவலையில்லை, மிட்டாய் பொறுக்குவதில் மும்முரம்.

அந்தக் கெட்டி மிட்டாய்தான் டாலி பார்ட்டன் 1982-ல் பாடிய பாட்டின் தலைப்பில் இருப்பது. ஏழை வீடுகளில் வாங்க முடிந்த பரிசு அது. அந்தப் பாட்டை எழுதியது டாலி இல்லை, கரோல் ஹால் ஒரு பிராட்வே நாடகத்துக்கு எழுதினார். ஆனாலும் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள மலை வீட்டில் வளர்ந்தவர் பாடியதால் அது டாலியின் பாட்டாகிவிட்டது. டாலி பிறந்தபோது பிரசவம் பார்த்த டாக்டருக்கு அப்பா ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தார் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

சுருதிபேதம்

பிராட்வேக்காரர் மேஜை போட்டு எழுதிய பாட்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். :)

கம்பிவாத்தியம்

குறித்துக்கொண்டேன். மேஜை மேல் எனக்குக் கோபம் இல்லை. மேஜையில் உட்காருகிறவருக்கு மிட்டாய் விலை தெரிந்திருந்தால் போதும்.

பாளைக்காரன், உங்கள் காபி வீட்டை எடுத்துக்கொண்டு உட்காரப் போகிறேன், அனுமதி உண்டா? வால்ஸ் நடை, கிட்டாரில் மூன்றே கார்டு (chord). பாடுகிறவன் அந்த நாலைந்து பேரில் ஒருவனாக இருக்க வேண்டாம், வேனில் ஏறினவனாக இருக்கட்டும். கடைசியில் சுருதி ஏற்றமாட்டேன்.

பாளைக்காரன்

தாராளமாக. ஆனால் தலைவரை ரொம்பக் கெட்டவராக்க வேண்டாம். அன்றைக்கு இன்னும் பதினொரு வீடு பாக்கி இருந்தது.

நத்தார்பொடியன்

என்ரை பாட்டும் நிலுவையில் இருக்கு, மறந்திடாதேங்கோ. முதல் சரணம் எழுதிட்டன், தனிமடலில் அனுப்பிறன்.

கொயர்ஆல்டோ

ஆல்டோ வரி இல்லாமல் பதிவு செய்தால் சண்டைக்கு வருவேன். சோல்பாவில் எழுதி அனுப்புங்கள், கோடு போட்ட ஸ்டாஃபில் வேண்டாம்.

வளைவில்

இழைக்குப் புதிது. ஒரு சின்னக் கேள்வி, வயலின் பழகுகிறேன். ஸ்மோக்கிமலை சொன்ன பிரேக்கிங் அப் கிறிஸ்துமஸ் மெட்டை வாசித்துப் பார்த்தேன், ரெக்கார்டிங்கில் வரும் அந்த முழக்கம் எனக்கு வரவே இல்லை. வில் போடுவதில் பிழையா?

ஸ்மோக்கிமலை

வில் இருக்கட்டும், முதலில் தந்தியைப் பாருங்கள். வழக்கமான ஜி-டி-ஏ-ஈ வைத்து அது வராது. கீழே இருக்கும் ஜி-யை ஏ-வுக்கும், டி-யை ஈ-க்கும் ஏற்றி ஏ-ஈ-ஏ-ஈ என்று வையுங்கள். அப்புறம் எந்தத் தந்தியைத் தொட்டாலும் பக்கத்துத் தந்தி சேர்ந்து முழங்கும். மெதுவாக ஏற்றுங்கள், பழைய தந்தி என்றால் அறுந்துவிடும். கூடவே ஒரு பான்ஜோ ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.